குறை சொல்லாத தவக்காலம்

சாம்பல் புதன், மாலை

தம்பிக்கு,

நெற்றியில் பூசிய சாம்பல் இன்னும் உதிரவில்லை, அதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேற்று நீ போனில் அனுப்பினாயே ஒரு வரி, அதுதான் காரணம். "அக்கா, இந்தத் தவக்காலத்துக்கு உனக்கு நான் தர்ற ஒறுத்தல்: குறை சொல்றதை விட்டுடு." அவ்வளவுதான். என்ன குறை, எப்போது சொன்னேன், யாரைச் சொன்னேன், ஒன்றும் கிடையாது.

கடையில் கண்ணாடி லென்ஸ் தேய்த்துக்கொண்டே நாள் முழுக்க யோசித்தேன். நான் எப்போதடா குறை சொன்னேன்? அப்பா சர்க்கரை மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார் என்று சொன்னேன். அது குறையா? நடந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னேன். அதுவும் நடந்தது. அம்மா போன பிறகு ஒரு ஈஸ்டருக்குக்கூட நீ வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அது குறை என்றால், குறை வைத்தவன் நீ. சொன்னவள்மேல் பழியா?

ஆனாலும் நம் வீட்டு வழக்கத்தை மீறமாட்டேன். அந்த வழக்கமே உன்னால் வந்தது, ஞாபகம் இருக்கட்டும். சின்ன வயதில் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, "ஆண்டவரே, உமக்காக இந்தத் தவக்காலம் முழுக்கப் பாகற்காயை விட்டுடறேன்" என்று உருகினாயே. அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தன் ஒறுத்தலைத் தானே தேர்ந்தெடுத்தா இந்தக் கதிதான். இனிமே இந்த வீட்டுல ஒருத்தருக்கு இன்னொருத்தர்தான் சொல்லணும். சொன்னதை மறுபேச்சு இல்லாம செய்யணும்" என்று சட்டம் போட்டாள். இப்போது அப்பாவுக்கு வயதைக் காட்டி விலக்கு கொடுத்தாயிற்று. மிச்சம் நாம் இருவர்தான்.

உனக்கு நான் கொடுத்ததை மறுபடியும் எழுதுகிறேன், நழுவாதே. ஈஸ்டர் வரை வீட்டுக்குப் போன் கிடையாது. கையால் கடிதம் எழுத வேண்டும். போனில் நீ பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? "ம்... சரிக்கா... எங்கேயோ லிஃப்ட் மாட்டிக்கிச்சாம், கூப்பிடறாங்க, வச்சிடறேன்." கடிதத்தை அப்படி வச்சிட முடியாது.

இன்னொன்று. இது குறை இல்லை, விண்ணப்பம். பரிசுத்த வாரத்துத் தியானத்துக்கு இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறேன். கடலோரத்தில் இருக்கிற அதே தியான இல்லம்தான். வருடா வருடம் பெயர் கொடுப்பதும், அப்பாவைத் தனியாக விட முடியாமல் அந்தப் பெயரை அடித்துவிடுவதும்தான் என் தியானமாக இருக்கிறது. குருத்து ஞாயிறன்று நீ வந்து, ஈஸ்டர் முடிந்து போ. வருவாயா மாட்டாயா, ஒரு வார்த்தையில் பதில் போடு.

இந்தக் கடிதத்தை ஒட்டியதும் வாயையும் சேர்த்து ஒட்டப்போகும்,
உன் அக்கா


தவக்கால முதல் ஞாயிறு

அக்காவுக்கு,

கடைசியாக நான் கையால் எழுதியது இந்த வேலைக்கான விண்ணப்பம். எழுத்து கோணலாக இருந்தால் அது உன் ஒறுத்தலின் பலன், என்னைத் திட்டாதே. திட்டவும் முடியாது, இல்லையா?

என்ன குறை என்று கேட்டிருந்தாய். நீ போனில் "நல்லா இருக்கியாடா" என்று கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று நீயே யோசித்துப் பார். மதியம், கையிலுள்ள கிரீஸைத் துடைத்துவிட்டு ஒரு வாய் சோறு எடுக்கும்போது உன் போன் வரும். மாத்திரை. தண்ணீர். மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கிற சத்தம். கடைசியில், "உனக்கென்ன, நீ நல்லா இருக்கே." சோறு இறங்காது அக்கா. நான் இங்கே என்ன, மாளிகையிலா இருக்கிறேன்? நாள் முழுக்க இருட்டு லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுப் பக்கம் வரவில்லை என்கிறாய். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? "இவனுக்கும் ஒரு டம்ளர் காபி கொடுங்க, விருந்தாளி வந்திருக்காரு." எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தக் காபியைக் குடித்தேன், எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். விருந்தாளி என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். விருந்தாளி அடிக்கடி வந்தால் மரியாதை இல்லை.

பரிசுத்த வாரம் லீவு கிடைக்காது. இங்கே பெரிய மருத்துவமனையில் பழைய லிஃப்டுகளைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுகிறோம். ஈஸ்டருக்குள் முடித்தாக வேண்டும். வர முடியாது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


தவக்கால இரண்டாம் ஞாயிறு

அன்பும் பாசமும் மிக்க தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து மிக்க மகிழ்ச்சி அடைந்தோம். எழுத்து முத்து முத்தாக இருந்தது. நீ வர இயலாது என்று எழுதியிருந்தாய். மிகவும் நல்லது. வேலைதான் முக்கியம்.

இங்கு தண்ணீர் வருகிறது. மேல்வீட்டுக்காரர் மிகவும் உழைப்பாளி, ஓயாமல் நாற்காலிகளை இழுத்துப் போட்டு வீட்டைச் சீராக்குகிறார். கடை முதலாளி என்மீது மிகுந்த நம்பிக்கை வைத்து மூவர் செய்கிற வேலையை என் ஒருத்தியிடமே தந்திருக்கிறார்.

நீ எனக்குக் கொடுத்த ஒறுத்தலைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி. "எனக்கு எதுக்கும்மா விலக்கு? பஸ் ஓட்டின காலத்துல எதிரே வந்தவனையெல்லாம் திட்டித் தீர்த்த வாய் இது. நீ வாயைக் கட்டினா நானும் கட்டறேன்" என்று அவரும் சேர்ந்துகொண்டார். சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்வதில்லை. உப்பு போட மறந்தது எனக்கே சாப்பிடும்போதுதான் தெரிந்தது. வீடு பூசை முடிந்த கோயில் மாதிரி அமைதியாக இருக்கிறது.

நீ நல்லா இருக்கியாடா? கேட்டுவிட்டேன்.

என்றும் மாறாத அன்புடன்,
அக்கா


தவக்கால மூன்றாம் ஞாயிறு

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிண்டல் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும், படித்து முடித்ததும் மனசு லேசாக இருந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன். அப்பாவும் சேர்ந்துகொண்டது அதைவிடச் சந்தோஷம். பார்த்தாயா, வாயை விட்டதும் வீட்டுக்கு எவ்வளவு நிம்மதி! அம்மா இருந்திருந்தால் என்னைத்தான் மெச்சியிருப்பாள்.

என்னோடு வேலை பார்க்கிறவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "எங்க வீட்டுலயும் இதை ஆரம்பிக்கணும்பா" என்றார். அடுத்த வருடமும் உனக்கு இதே ஒறுத்தல்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

நல்லாத்தான் இருக்கேன். கேட்டதுக்கு நன்றி.

தம்பி


தவக்கால நான்காம் ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கு எல்லாம் நலம்.

அப்பா நல்ல ஓய்வில் இருக்கிறார். கட்டிலைக் கூடத்து ஜன்னலோரம் போட்டிருக்கிறேன், தெருவைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு அவர் போவதில்லை. பங்குச்சாமி தங்கமான மனிதர், வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுக்கிறார்.

குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை தைத்து மாட்டியிருக்கிறேன். நல்ல காற்றோட்டம். நிலைப்படியையும் ஆசாரி வந்து செதுக்கி எடுத்துவிட்டார், தரை ஒரே சமமாக அழகாக இருக்கிறது. கடையில் எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். தியானத்துக்குக் கொடுத்த பெயரை அடித்துவிட்டேன். தியானத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவு.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


அதே வாரம், புதன்

அக்கா!

கதவை எதற்குக் கழற்றினாய்?

என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? காற்றோட்டமாம்! வாசல் எவ்வளவு அகலம், படி எவ்வளவு உயரம், இதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு வீட்டில் கதவைக் கழற்றி, நிலைப்படியையும் செதுக்குகிறார்கள் என்றால் அது காற்றுக்காக இல்லை. சக்கர நாற்காலிக்காக. இந்த மருத்துவமனையில் நாள் முழுக்க என் கண்ணெதிரே உருண்டுகொண்டிருப்பது அதுதான். உன் கடிதத்தை லிஃப்ட் வாசலில் நின்று படித்தேன். முதல் தடவை புரியவில்லை. ஒரு பெரியவரை நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், மறுபடி படித்தேன், புரிந்தது.

உடனே போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. ஒறுத்தலா? இந்த நேரத்திலா? என்ன வீம்பு இது? அப்பாவுக்கு என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. "வேறு விசேஷம் இல்லை" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அவர் எனக்கும் அப்பா. அதை நீ மறந்துவிட்டாய். எல்லாவற்றையும் நீயே தூக்கிச் சுமக்க வேண்டும், பிறகு யாரும் சுமக்கவில்லை என்று நீயே சொல்ல வேண்டும். உன்னைவிடப் பெரிய குறைகாரி உலகத்தில் கிடையாது, வாயைத் திறக்காமலேயே என்னைக் கொன்றுவிட்டாய்.

என்ன நடந்தது? ஒழுங்காக எழுது.

தம்பி


தவக்கால ஐந்தாம் ஞாயிறு

அடேய்,

இந்தக் கடிதத்தோடு என் ஒறுத்தல் உடைகிறது. உடையட்டும். ஆண்டவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ எனக்குப் பதில் சொல்.

உன் போனை ஏன் எடுக்கவில்லை என்கிறாய். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "ஐயோ அக்கா, எப்படிக்கா, சரிக்கா, கூப்பிடறாங்கக்கா." எனக்கு அது வேண்டாம். நீ உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டும். படி.

மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாள் காலை அப்பா குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்து, தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் கடைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன். மேல்வீட்டுக்காரர்தான் கதவுத் தாழ்ப்பாளை உடைத்து அவரைத் தூக்கினார். அந்த மனிதரைத்தான் நாற்காலி இழுக்கிறார் என்று உன்னிடம் கரித்துக்கொட்டினேன். நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இதெல்லாம் பெரிதில்லை. வயதானவர் விழுவார். இப்போது சொல்லப்போவதைக் கேள். அவருக்கு அதற்கு முன்பே பல நாளாகத் தலைசுற்றல் இருந்திருக்கிறது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மருத்துவமனைக் கட்டிலில் கேட்டேன், "ஏம்ப்பா, தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"குறை சொல்லக் கூடாதே. நீயும் சொல்றதில்லையேம்மா" என்றார். சின்னப் பிள்ளை பரீட்சையில் தேறியதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்டா. எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. உன்மேல். "வீட்டுக்கு எவ்வளவு நிம்மதி" என்று நீ எழுதிய கடிதம் அன்று மாலைதான் வந்து சேர்ந்தது. கிழித்துப் போட்டேன்.

சுமப்பதைச் சுமந்துகொண்டு வாயை மூடு என்பது போல இருந்தது உன் ஒறுத்தல். பாகற்காயை விட்ட அதே பையன்தான் நீ. உனக்குக் கசக்கிறது என்பதற்காக என் வாயைக் கட்டினாய். நான் சொன்னதெல்லாம் குறையா? தலை சுற்றுகிறது என்பது குறையா? தனியாகத் தூக்க முடியவில்லை என்பது குறையா? நடப்பதில் குறையைக் கழித்துவிட்டுச் சொல் என்றால் இந்த வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது? அதனால்தான் கதவைப் பற்றி எழுதினேன். காற்றைப் பற்றி எழுதினேன். புரிந்துகொள்கிறானா பார்ப்போம் என்றும் எழுதினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

விருந்தாளி என்று சொன்னேன்தான். காபி கொடுக்கச் சொன்னேன்தான். வாபஸ் வாங்குகிற எண்ணம் இல்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது நீ பழம் வாங்கிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, "பார்த்துக்கோக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதற்கு வேறு என்ன பெயர்?

இல்லை என்றால், இல்லை என்று காட்டு. இதற்குப் பதில் எழுதாதே. கடிதம் எழுதும் ஒறுத்தலிலிருந்து உனக்கு விடுதலை. வா.

அக்கா


ஈஸ்டர் திங்கள்
நம் வீட்டிலிருந்து

அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தியான இல்லத்துச் சிஸ்டர் போனில் சொன்னார். அடித்த பெயரை மறுபடி எழுதச் சொல்லி அவரிடம் நான் முதலில் பேசியபோதே, "ஓ, நீங்கதான் அந்த விருந்தாளித் தம்பியா?" என்று கேட்டார். கடல் வரைக்கும் என் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாய். நல்லது.

குருத்து ஞாயிறன்று நான் வாசலில் பையை இறக்கினேன், நீ உன் பையைத் தூக்கினாய். மாத்திரை இங்கே, துண்டு அங்கே என்று கைகாட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாய். ஒரு டம்ளர் காபி கிடையாது!

இப்போது நான் கொஞ்சம் பேச வேண்டும். இங்கே தண்ணீர் வருவதே இல்லை, இது என்ன குழாய்? மேல்வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அந்த நாற்காலியை ஏன் இழுக்கிறார், அதைத் தூக்கி வைத்தால் என்ன? அப்பா சர்க்கரை மாத்திரையை இப்போது வீல்சேர் மெத்தைக்கு அடியில் ஒளிக்கிறார். நான் தள்ளினால், "பிரேக் போடுடா, திருப்பத்துல யாராவது இப்படி ஒடிப்பானா? உனக்கு எவன்டா லைசென்ஸ் கொடுத்தான்?" என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறார். சோறு குழைந்துவிட்டதாம். டீ ஆறிவிட்டதாம். ஈஸ்டர் பூசைக்கு நான் போட்டுவிட்ட சட்டையில் பொத்தான் மாறிவிட்டதாம், பங்குச்சாமியிடமே சொல்கிறார். முதுகு வலிக்கிறது அக்கா. ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை. நீ எப்படி இத்தனை காலம் இருந்தாய்? எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க வந்தேன். சொன்னாய். தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியை எழுதிவிட்டேன், அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன்.

ஒரு விஷயம். பெரிய வியாழனன்று அவரைக் குளிப்பாட்டும்போது திரை காற்றுக்கு விலகியது. சட்டென்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "தினமும் இப்படித்தான்டா. உங்க அக்கா கூடத்துல இருப்பா. எனக்கு உயிரே போற மாதிரி இருக்கும். அவகிட்ட எப்படிச் சொல்றது, பாவம், அவளே வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா" என்றார். பெரிய சனி முழுக்க உட்கார்ந்து, நம் பழைய கதவையே இழைத்து, மேலே தண்டவாளம் கொடுத்து, லிஃப்ட் கதவு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிற மாதிரி மாட்டிவிட்டேன். விரலால் தொட்டால் போதும், மூடும். அப்பா உள்ளே போய், தானே மூடி, தானே திறந்து, மறுபடி மூடினார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "சத்தம் போடுது. எண்ணெய் விடு" என்றார்.

என்னோடு வேலை பார்க்கிறவர் என் பங்கையும் ஏற்றுக்கொண்டதால்தான் லீவு கிடைத்தது, அது இன்னும் இருக்கிறது. கேட்டால் நீட்டிக் கொடுப்பார்கள். கேட்கவா?

தம்பி


ஈஸ்டர் வாரம், வெள்ளி

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடலுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன்.

தியானத்தைப் பற்றிக் கேட்காதே. பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. முதல் நாள் காலை செபத்துக்கு உட்கார்ந்தேன், கண் சொருகியது. அதன்பிறகு பெரிய வெள்ளி வரை தூங்கினேன். இங்கே யாரும் எழுப்பவில்லை. சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தூங்கும்மா, அதுக்குத்தானே இத்தனை வருஷமா பேர் கொடுத்தே" என்றார். அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

கதவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோதும் அழுதேன். நான் பூப்போட்ட துணியாகப் பார்த்துத் தைத்த திரைடா அது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கதவை மாட்டியிருப்பேன். பாழாய்ப்போன ஒறுத்தல்.

அப்பா சத்தம் போடுகிறார், சோறு குழைந்தது என்கிறார், பொத்தான் மாறியது என்கிறார். அப்படியென்றால் அவர் நன்றாக இருக்கிறார். தலை சுற்றினால் இனிமேல் சொல்வார். அவர் சொல்வதை நிறுத்தினால் மட்டும் எனக்கு உடனே போன் போடு.

லீவைக் கேள். நான் இன்னும் ஒரு வாரம் இங்கே இருக்கிறேன், சமையலறையில் உதவி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் முதுகுவலியைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறாய். போதாது. எங்கே வலிக்கிறது, தூக்கும்போதா, குனியும்போதா? குழாய்க்காரன் வந்தானா? அப்பா உன்னை வேறு என்னவெல்லாம் திட்டினார்? எல்லாவற்றையும் எழுது, ஒன்று விடாதே. தவக்காலம் முடிந்துவிட்டது. எவ்வளவு குறை வேண்டுமானாலும் சொல். நான் வச்சிட மாட்டேன்.

அக்கா